வாயில்லாச் சம்பந்தி

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் மனுவேல் தம் மனைவி யோசப்பினை ஊமையாக்கிவிட்டார். அடிக்கவில்லை, வையவில்லை. முகச்சவரம் செய்துகொண்டே சொன்னார்: நெருப்புக் காய்ச்சலில் அவளுக்குப் பேச்சுப் போய்விட்டது, காது மட்டும் கேட்கும், யார் எது கேட்டாலும் சிரித்தால் போதும்.

"ஏங்க, நாலு வார்த்த கூடவா பேசக் கூடாது?"

"பாத்தியோ, இதுக்குத்தான் வாயைத் திறவாதை எண்டுறன்."

மனுவேல் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்து அறையில் பிறந்தவர். கண்டியில் வழக்கறிஞர் ஒருவரின் கந்தோரில் கிளார்க் வேலை கிடைத்ததும், யாழ்ப்பாணத்து இளவாலையில் பிறந்தவன் என்று சொல்லித் தம்மைத் தாமே மறுபடி பெற்றுக்கொண்டார். அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. கந்தோரில் இருந்த யாழ்ப்பாணத்தாரின் பேச்சைக் கேட்டுக் கேட்டு 'ஆமா'வை 'ஓம்' ஆக்கினார். அவர்கள் அதை நம்பினார்களா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் துணிவும் இல்லை. கோட்டுப் போட்ட கிளி என்று அவரைச் சொன்னால் கிளிக்குத்தான் அவமானம்.

மகள் மேபலுக்கு இரண்டு பேச்சும் வரும். முன்னறையில் அப்பாவின் பேச்சு, குசினி அடுப்படியில் அம்மாவின் மாறாத தோட்டத்துப் பேச்சு. கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது கூட அவள் அப்பாவின் பேச்சில்தான் பாவங்களைச் சொல்வாள். அதனால் அவை வேறு யாரோ செய்த பாவங்களைப் போலவே இருக்கும். சாமியார் மன்னித்தது எவளை என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்புவாள்.

மாலையில் யாழ்ப்பாணத்தாரான மாப்பிள்ளை வீட்டார் கட்டுகஸ்தோட்டைப் பாலம் கடந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை சுவக்கினுக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது. அதனால்தான் அவருடைய தாய் திரேசம்மா பெண் வீட்டாரின் பூர்வீகத்தை அதிகம் துருவவில்லை. இருந்தாலும் கதிரையில் அமர்ந்ததும், கண்டியில் பெண் எடுக்கப் பயமாக இருக்கிறது, தோட்டக்காட்டுச் சனம் எல்லா இடமும் கலந்துவிட்டது என்று அலுத்துக்கொண்டாள்.

"ஓம் ஓம்," என்றார் மனுவேல். "எனக்கெண்டா மணத்திலேயே பிடிபட்டிடும்."

மேபல் அம்மாவைப் பார்த்தாள். கணவர் சொல்லிக் கொடுத்தபடி யோசப்பின் சிரித்தாள். பிறகு மனுவேல் நெருப்புக் காய்ச்சல் கதையைச் சொன்னார். திரேசம்மா கொஞ்சமும் வருந்தவில்லை.

"வாயில்லாத சம்மந்தி கிடைக்கிறதுக்கும் குடுத்து வைக்க வேணும் பாருங்கோ. சண்டைக்கு இடமில்லை."

முன்னறையே சிரித்தது. யோசப்பினும் சிரித்தாள்.

சம்பந்தம் முடிந்துவிட்டது என்ற மிதப்பில் மனுவேல் கால்மேல் கால் போட்டார். கோயில், கலியாணம், பேரப்பிள்ளையின் ஞானஸ்நானம் என்று இனி எங்கே இவர்கள் சந்தித்தாலும் அம்மா சாகும்வரை ஊமையாகவே இருக்க வேண்டும் என்பது மேபலுக்கு அப்போதுதான் உறைத்தது. பெற்ற பிள்ளை பிரசவ வலியில் கத்தினாலும் அம்மாவால் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல முடியாது.

"பிள்ளைக்கும் இளவாலைதானே சொந்த ஊர்?" என்று திரேசம்மா கேட்டாள்.

'ஓம்' நாக்கின் நுனியில் வந்து நின்றது. இத்தனை வருடமும் கேட்காமலே வெளியே ஓடிய சொல். இன்று அதைச் சொன்னால் இவர்கள் கூட்டிக்கொண்டு போகப்போவது யாரை? அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இருந்ததே இல்லையே.

"இல்லீங்க," என்றாள் மேபல். சொந்தக் குரல் அந்த அறையில் ஒலித்தது அவளுக்கே புதிதாக இருந்தது. "எங்கப்பா தெல்தோட்டயில, லயத்துல பொறந்தவரு. எங்கம்மாவும் அங்கதான். அம்மாவுக்கு நல்லாவே பேச வரும். நீங்க கேட்டுறக் கூடாதுன்னுதான் பேசல."

திரேசம்மா பாதி குடித்த தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, அதைத் தொட்ட விரல்களைக் கைக்குட்டையால் துடைத்தாள். சுவக்கின் மிச்சத் தேநீரைக் குடிக்கலாமா என்று தாயின் முகத்தைப் பார்த்தார். நாற்பதை நெருங்கும் வயதிலும் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

மனுவேல் கதவைச் சாத்தக்கூட மறந்து கத்தினார்.

"எம் மானத்த வாங்கிப்புட்டியேடி, பாவி மவளே!"

தெருவே கேட்டது. இளவாலை அந்த வாயை விட்டு ஓடியே போயிருந்தது. மேபல் தலை குனியவில்லை. அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீயாச்சும் இவளக் கேளேண்டி."

திரேசம்மா விட்டுப்போன கதிரையில் யோசப்பின் நிதானமாக உட்கார்ந்தாள்.

"ஊமச்சிக்கிட்ட ஏங்க சொல்றீங்க?" என்றாள்.