ஐஸ் அறையில் பூட்டிய கண்ணாடி

ரபீக்காவின் கடைக்கு அந்தக் கார் நடந்துதான் வந்தது.

லிங்கநகரில் காலையில் புறப்பட்ட கார், உட்துறைமுக வீதிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஈரல் நிறத்தில், இடுப்பு உயரத்தில் தரையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முன்பக்கத்தில் வாடிய பூமாலை. பின்னால் ஓட்டோக்கள், ஒரு மூதூர் பஸ், சைக்கிளை உருட்டியபடி நாலைந்து பேர். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. பூப்போட்ட வாகனம் இவ்வளவு மெதுவாகப் போனால் அது கடைசிப் பயணம்தான் என்று ஊருக்குத் தெரியாதா? இரும்புக்கடைக்காரர் மரியாதைக்குக் கடைக் கதவைப் பாதி இழுத்து மூடினார். சலூன்காரர் பாக்கியரத்தினம் கத்தரிக்கோலோடு வாசலில் எழுந்து நின்றார்.

ரபீக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

“ஆரு மௌத்து?” என்று சைக்கிள்காரர் ஒருவரிடம் கேட்டாள்.

“தெரியேல்ல. பெரிய ஆளாம். வெளிநாட்டிலயிருந்து வந்த பிரேதமாம்.”

அந்தப் பெரிய ஆள் அவளுடைய கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு உயிரோடு இறங்கினான். இறங்கினான் என்பதைவிட, கதவு பறவைச் சிறகு மாதிரி மேலே எழும்ப, அதன் கீழிருந்து தவழ்ந்து வந்தான் என்பதே சரி. பெயர் தர்மிகன். சூரிச்சில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறவன். தங்கச்சி துஷாந்தியின் கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றி வருவதற்கென்றே இந்தக் காரைக் கப்பலில் கொண்டுவந்திருந்தான். உலகம் முழுவதற்கும் நாற்பது கார்தான் செய்தார்களாம்.

“அக்கா, வலப்பக்கக் கதவுக் கண்ணாடி உடைஞ்சு போட்டுது. மான் இடிச்சது.”

“மானா?”

“நேற்றுக் கலியாணத்தில மண்டபத்துக்கு முன்னால விட்டிருந்தனான். மான் வந்து மாலையைத் தின்னத் தொடங்கீற்று. கறுப்புக் கண்ணாடிதானே, அதுக்குள்ள இன்னொரு மான் அதே மாலையைத் தின்னுறதைக் கண்டிருக்கு. விடுமே?”

ஆடுமாடு மாதிரி வீதியில் திரிகிற நகரத்து மான்களைத் தெரிந்த ரபீக்காவுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காருக்குள் ஒரு பெண் விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததுதான் அவளுக்கு விளங்கவில்லை.

“உள்ளுக்கு இரிக்கிற பொம்புள என்னத்தச் சொல்றா? வெக்கையில இரிக்காவே, இறங்கச் சொல்லுங்க.”

“அது கார் அக்கா. கதவு திறந்து கிடக்காம்.”

“நீங்க வரக்குள்ள பூட்டித்தானே இரிந்திச்சு?”

“கண்ணாடி இல்லாட்டி அதுக்குத் திறந்த கதவுதான். நடக்கிற வேகத்துக்கு மேல போக விடாது. காருக்கு எங்களில நம்பிக்கை இல்லை. உங்களால ஏலுமே அக்கா?”

ரபீக்கா வாப்பாவுக்குப் பிறகு இந்தக் கடையைத் தனியாக நடத்துகிறவள். நிலாவெளி வீதியில் ஓடுகிற பஸ்களில் அவள் கை படாத கண்ணாடி கிடையாது. கார் நின்றதும் ஊர்வலம் முழுவதும் அவள் வாசலுக்கு வந்துவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கடைக்காரி வேறு என்ன சொல்லுவாள்?

“என்னத்துக்கு ஏலாது? செய்து தாறன்.”

சொன்ன பிறகுதான் இடப்பக்கத்துக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். அது நெடுக்கிலும் வளைந்திருந்தது, குறுக்கிலும் வளைந்திருந்தது. மேலே ஏறிக் கீழே இறங்குகிற கண்ணாடியும் இல்லை. கதவோடு கதவாக ஒட்டியிருந்தது. வாய் முந்திவிட்டது என்று அவளுக்கு அப்போதே விளங்கியது.

முதலில் பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் குசினி அடுப்பில் வாட்டி வளைத்துப் பொருத்தினாள். கார் நம்பவில்லை. பஸ் ஷட்டர் கண்ணாடியை வெட்டி வைத்தாள். “கதவு திறந்து கிடக்கிறது” என்றது கார். மீன்தொட்டிக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டிப் பார்த்தாள். கார் அதையே, முன்பைவிடச் சோகமாகச் சொன்னது. ஒரு பின்னேரம் திடீரென்று குரல் நின்றது. வீதியே கைதட்டியது. பாக்கியரத்தினம் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு பார்த்தால் பற்றரி இறங்கியிருந்தது.

கடைசியில் தர்மிகன் கார் செய்த கொம்பனிக்கு வீடியோவில் அழைத்தான். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதைத் தர்மிகன் ரபீக்காவுக்குச் சொன்னான்.

“மானுக்குக் காயமோ எண்டு கேக்கிறார்.”

“இல்லையெண்டு சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் மாலையைத் திண்டுட்டுத்தான் போயிரிக்கி.”

கையுறைக்காரர் ஆறுதலாகத் தலையாட்டினார். அவர்களிடம் கண்ணாடி ஒன்று இருந்தது. கார் வாங்கவிருந்த ஒருவர் மனம் மாறிப் படகு வாங்கிவிட்டதால் மிஞ்சிய கண்ணாடி. அனுப்பிவைப்பார்கள், ஆனால் கொஞ்சக் காலம் எடுக்கும்.

அந்தக் காலம் முழுவதும் தர்மிகன் காருக்குள்ளேயே இருந்தான். கண்ணாடி இல்லாத காரைப் பூட்ட முடியாது, பூட்டாமல் விட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. காலையில் ரபீக்காவைக் காவலுக்கு வைத்துவிட்டு ஓடிப்போய்க் குளித்து வருவான். பாக்கியரத்தினம் அந்த ஓட்டை வழியாகவே அவனுக்குச் சவரம் செய்தார். அவன் எந்நேரமும் அங்கே இருப்பதால் வீதியில் உள்ளவர்கள் கடைச் சாவிகளை அவனிடம் கொடுத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். பஸ் கொண்டக்டர்கள் அந்த இடத்தையே நிறுத்தமாக்கி, “கார் ஹோல்ட், கார் ஹோல்ட், இறங்குறாக்கள் வாங்கோ!” என்று கூப்பிட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பொழுதுபோகாமல் அவனிடம் மகளின் படிப்பையும் முழங்கால் வலியையும் பற்றிக் கதைத்தார்கள்.

துஷாந்தி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து அழுதாள்.

“மாப்பிள்ளை வீட்டில விருந்து வைக்கினம். என்ர ஒரே அண்ணன் றோட்டில காருக்குள்ள இருக்கிறான். நான் என்னெண்டு சொல்லுறது?”

“இஞ்ச கூட்டிக்கொண்டு வா,” என்றான் தர்மிகன்.

அவளும் கூட்டிவந்தாள். புது மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு பக்கத்துக் கதிரையில் ஒடுங்கி உட்கார்ந்து, மச்சானோடு சம்பிரதாயப்படி சாப்பிட்டார். துஷாந்தி ஓட்டை வழியாகக் கறி பரிமாறினாள். கதவு திறந்து கிடக்கிறது என்று கார் நடுநடுவே சொல்லிக்கொண்டிருந்தது. ரபீக்கா கடைக்குள் திரும்பி நின்று, சிரிப்பை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் இருமினாள். ஆனால் அன்று பின்னேரம் அவளுக்குக் கவலையாகவும் இருந்தது. கண்ணாடி வந்து, அதுவும் தன் கையில் பிசகிவிட்டால் இந்த மனிதன் இங்கேயே கிழவனாகிவிடுவான் என்று பட்டது.

கண்ணாடி கொழும்பிலிருந்து ஒரு வான் வண்டியில், மூன்று மெத்தைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. கையுறைக்காரர் மறுபடி வீடியோவில் தோன்றினார். பசை பூசுகிற இடத்தில் தூசி இருக்கக்கூடாது, காற்று அடிக்கக்கூடாது, பதினெட்டுப் பாகைக்கு மேல் வெப்பமும் கூடாது என்றார். ஒட்டிய பிறகும் ஒரு நாள் முழுக்க அதே குளிரில் நிற்க வேண்டும்.

“பதினெட்டா?” ரபீக்கா வெளியே பார்த்தாள். வீதியில் தார் இளகிக் கிடந்தது. “இந்த ஊர்ல பதினெட்டுக்குக் கீழ இரிக்கிறது மீன் மட்டுந்தான்.”

சொல்லி முடிக்கும் முன்னரே அவளும் தர்மிகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துறைமுகக் கரையில் ஐஸ் பக்டரி நடத்துகிற இல்ஹாம் முதலில் மறுத்தான். “ராத்தா, அது மீன் வைக்கிற அறை. கார் வைக்கிற அறையில்ல.” ரபீக்கா அவனுடைய லொறிக்கு எத்தனையோ முறை கண்ணாடி பூட்டிக் கொடுத்தவள். அவள் வாசலில் நின்ற லொறியின் கண்ணாடியை விரலால் தட்டினாள். “சரி, சரி. போட்டெல்லாம் கடலுக்குப் போயிரிக்கி. நாளைக்குத்தான் வரும். அதுக்குள்ள முடிச்சிடுங்க.”

கார் மறுபடியும் நடந்தது. இந்த முறை விஷயம் தெரிந்தே வீதி முழுவதும் பின்னால் போனது. கழுவி விட்ட குளிர் அறைக்குள், பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு கார் நுழைந்தபோது பாக்கியரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டார்.

ரபீக்கா இல்ஹாமின் தடித்த குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டாள். கை நீளம் கூடிவிட்டது, மடித்து விட்டாள். இல்ஹாம் போனைப் பிடிக்க, கையுறைக்காரர் சொல்ல, தர்மிகன் தமிழில் சொல்ல, அவள் கதவு விளிம்பில் பசையை ஒரே கோடாக இழுத்தாள். கண்ணாடியை உறிஞ்சு கிண்ணங்களால் தூக்கி அவளும் தர்மிகனும் காரை நெருங்கினார்கள்.

“கண்ணாடிப் பக்கம் மூச்சு விட வேண்டாமாம்,” என்றான் தர்மிகன்.

“எவ்வளவு நேரம்?”

“கேக்கிறன்.”

“கேக்காதீங்க! மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறன்!”

கண்ணாடி கதவில் அமர்ந்தது. விளிம்பு விளிம்போடு சேர்ந்தது. ரபீக்கா பின்னால் வந்து மூச்சை விட்டாள். அது வெண்புகையாக வந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ கண்ணாடி பூட்டியிருக்கிறாள். ஒன்றைப் பூட்டிவிட்டு அழுகை வந்தது இதுதான் முதல் தடவை. குளிர் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

“இனிக் கதவைக் கொஞ்சம் உயர்த்தி விடட்டாம்,” என்றான் தர்மிகன். “இப்ப இறுக்கி மூடினா உள்காத்து கண்ணாடியைத் தள்ளிப்போடுமாம்.”

அப்படியே விட்டார்கள். அறைக்கு வெளியே பெரிய பூட்டுத் தொங்கியது. தர்மிகன் பல நாளுக்குப் பிறகு கட்டிலில் கால் நீட்டிப் படுக்க லிங்கநகருக்குப் போனான்.

சூரை மீன் கூட்டம் ஒன்று அன்றைக்கென்று கரைக்குக் கிட்ட வந்திருந்தது. நாளைக்கு வர வேண்டிய போட்டுகள் அன்றைக்கே, மீன் பாரத்தில் தண்ணீர் விளிம்பைத் தொட வந்து சேர்ந்தன. இல்ஹாம் என்ன செய்வான்? மீனை வெயிலில் வைக்க முடியாது. காரைச் சுற்றி அடுக்கினான். பிறகு காருக்கு முன்னால் அடுக்கினான். பிறகு, மெல்லிய சாக்கு விரித்து, காரின் மேலேயும் அடுக்கினான்.

மறுநாள் அறையைத் திறந்தபோது மேலிருந்த அடுக்கு, உயர்த்தி விட்ட கதவு இடுக்கு வழியாக உள்ளே சரிந்திருந்தது. சாரதிக் கதிரையில் கொழுத்த சூரை ஒன்று தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கதிரையில் இன்னும் இரண்டு. மிச்சம் எல்லாம் காலடியில். ஐஸ் கரைந்த தண்ணீரைத் தோல் கதிரைகள் நன்றாகக் குடித்திருந்தன.

“கண்ணாடிக்கு ஒண்டும் ஆகல்ல,” என்றாள் ரபீக்கா முதல் வார்த்தையாக.

மீனை அகற்றி, கழுவி, துடைத்து, கதவை இறக்கினார்கள். எல்லோரும் காதைக் கூர்மையாக்கினார்கள். கார் வாய் திறக்கவில்லை. தர்மிகன் மிதித்தான்; அது உறுமிக்கொண்டு துறைமுக வீதியில் பறந்தது. வீதியே கத்தியது.

நிலாவெளி வரைக்கும் போய்த் திரும்பி வந்தவனுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவன் இறங்கியதும் பின்னாலேயே அந்த நாற்றமும் இறங்கியது. காகங்கள் கூரையில் வந்து குந்தின. எங்கிருந்தோ பூனைகள் வந்து காரைச் சுற்றிப் படுத்துக்கொண்டன.

“அக்கா, கண்ணாடியைக் கழட்டித் தாங்கோ.”

“என்ன?”

“உள்ளுக்கு இருக்க ஏலாது. ஏசி போட்டாக் குளிர்ச் சூரை, நிப்பாட்டினாச் சூட்டுச் சூரை. இறக்கிற கண்ணாடியும் இல்லை. கழட்டுங்கோ, காத்து வரட்டும்.”

“தம்பி, நான் மூச்ச அடக்கிப் பூட்டின கண்ணாடி இது.”

“என்ர கார், அக்கா!”

“கார் உங்கட. பூட்டினது நான். வேணுமெண்டா நீங்களே உடைங்க.” உள்ளே போய்ச் சுத்தியலைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

தர்மிகன் சுத்தியலை ஓங்கினான். பாக்கியரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு கொண்டக்டர் “ஐயோ வேண்டாம் அண்ணை” என்றான். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பூனைகளுக்கு நடுவில் வீதியோரம் குந்தினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று ரபீக்காவுக்குப் பிடிபடவில்லை. அவளும் பக்கத்தில் ஒரு பழைய பஸ் ரயரில் உட்கார்ந்துகொண்டாள்.

வெயிலில் கதவைத் திறந்து நாலு நாள் காயவிட்டால் நாற்றம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் காரைத் திருப்பி ஏற்றிப்போகும் கப்பல் மறுநாளே புறப்பட இருந்தது. துறைமுகத்தில் சோதிக்க வந்த அதிகாரி கதவை உயர்த்தினார், உடனே இறக்கினார், போகச் சொல்லிக் கையை அசைத்தார். நாற்றத்தைக் கொள்கலனுக்குள் பூட்டி அனுப்பினார்கள்.

சில மாதம் கழித்து ரபீக்காவின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. கையுறைக்காரர். பக்கத்தில் தர்மிகன். அவர்களுக்குப் பின்னால் ஈரல் நிறக் கார், அதைச் சுற்றி மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னும் மூன்று கையுறைக்காரர்கள்.

“அக்கா, இவையள் எல்லா மருந்தும் அடிச்சுப் பாத்திட்டினம். நீங்கள் என்ன செய்வியள் எண்டு கேக்கினம்.”

“வெயில்ல வெக்கச் சொல்லுங்க. கதவு ரெண்டையும் தூக்கிவிட்டு, நல்லாக் காய.”

தர்மிகன் சொன்னான். கையுறைக்காரர் போனை யன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மரமும் வீதியும் ஒரே வெள்ளை.

ரபீக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது.

“வெயில் எப்ப வருமாம்?”

“ஆறு மாசம் செல்லும்.”

“அப்ப காரை இஞ்ச அனுப்பச் சொல்லுங்க தம்பி,” என்றாள். “வரக்குள்ள அந்த மனிசரையும் கூட்டிக்கிட்டு வாங்க. குளிர்ல கை நடுங்குது, பாவம்.”