சுவரிலிருந்து சுவர் வரை

சாப்பாட்டு மேசைமேல் வரைபடத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கொரு டம்ளரைப் பொறியாளன் ஸ்ரீஹரி வைத்தபோது, ஜமீலுன்னிசா முதலில் தேடியது மாடிச் சமையலறையின் ஜன்னலைத்தான். கிழக்கே வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கிழக்கேதான் இருந்தது. இருக்கிற வீடு கறுப்புக் கோட்டில், கட்டப்போகிற மாடி சிவப்புக் கோட்டில். ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கும் என்பதைக் காட்ட ஒரு வளைவு போட்டிருந்தான். பிறைகள் வரிசையாக முளைத்ததுபோல அவளுக்குத் தோன்றியது. விரலை வைத்து வாசலில் நுழைந்து, படிக்கட்டில் ஏறி, கூடத்தைத் தாண்டி, குளியலறைக் கதவு சமையலறைக் கதவில் இடிக்காமல் திறக்குமா என்று பார்த்துக்கொண்டே போனாள். "அம்மி, வெரல எடுங்க, நானும் பாக்கணும்" என்று மகள் அதீபா சொல்லும்வரை அவள் அந்த மாடியிலேயே குடியிருந்தாள்.

ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில், அவளுடைய வீடு நடுவாந்தரத்தில் இருந்தது. கணவர் குலாம் முகம்மது டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. போன வருடம் ஒரு சாயங்காலம், அஸர் தொழுதுவிட்டு வந்து வாசற்படியில் டீ டம்ளரோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு பெங்களூரில் இருக்கும் இரண்டு மகன்களும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: வீட்டை பில்டருக்குக் கொடுத்துவிடலாம், அம்மி இரண்டு வீட்டிலும் மாறி மாறி இருக்கட்டும். ஜமீலுன்னிசா ஆயுசில் பாதியை ஓர் அச்சகத்தில் பிழைதிருத்திக் கழித்தவள். யார் சொல்வதையும் உடனே அடித்துவிட மாட்டாள். ஓரத்தில் ஒரு குறி போட்டு வைப்பாள். அதீபாவும் அவள் புருஷனும் குழந்தையும் நாவலூரில் வாடகைக்கு இருந்தார்கள். மாடி கட்டினால் அவர்கள் இங்கே வந்துவிடலாம். வங்கிக் கடனுக்கு அதீபா தயார். ஆனால் அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் வங்கி பேசவே பேசாது. மகன்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: பிளான் கிடைத்தால் மாடி, கிடைக்காவிட்டால் பில்டர்.

ஸ்ரீஹரி மேற்கு மாம்பலத்தில் ஸ்டேஷனுக்கு அருகே அலுவலகம் வைத்திருந்த பதிவுபெற்ற பொறியாளன். "கவுண்டர்ல போய் நிக்கற காலமெல்லாம் போச்சும்மா. எல்லாம் ஆன்லைன்" என்று முதல்நாளே சொன்னான். ஆனாலும் காகிதங்கள் ஒன்றும் குறையவில்லை. பத்திரம், பட்டா, வாரிசுச் சான்றிதழ், வரி ரசீது, மழைநீர்த் தொட்டி எங்கே என்பதற்கு ஒரு படம். பக்கத்துச் சுவருக்கும் நம் சுவருக்கும் எவ்வளவு விட வேண்டும், மொட்டைமாடித் தண்ணீர் எங்கே இறங்க வேண்டும் என்று அவன் சொல்லச் சொல்ல, அவள் விதிமுறைப் புத்தகத்தையே அச்செடுத்துத் தரச்சொல்லி, கதைப் புத்தகம்போலப் படித்தாள். விண்ணப்பம் ஏறியதற்கான குறுஞ்செய்தி வந்த அன்று அதை இரண்டு முறை உரக்க வாசித்துவிட்டு, எதிர்வீட்டு வேலம்மாவிடம் காட்டப் போனாள். வேலம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவள். கையில் செதில் ஒட்டியிருந்ததால் போனைத் தொடாமல், தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாயம்மா, இங்கிலீஷ்ல கீது. ஆமான்னு போட்டானா, இல்லன்னு போட்டானா?"

"வந்து பாக்கறேன்னு போட்டிருக்காங்க."

"பொண்ணு பாக்கற மாரி. பஜ்ஜி போட்டு வை."

திங்கட்கிழமை வந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். தோளில் பை, கையில் டேப். பஜ்ஜியை மரியாதையாக மறுத்துவிட்டு வீட்டைச் சுற்றி அளந்தாள், மொட்டைமாடியில் ஏறினாள், செல்போனில் படம் பிடித்தாள். எல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது. பரீட்சை எழுதிய பிள்ளை விடைத்தாளைத் திருத்துகிறவர் முகத்தையே பார்ப்பதுபோல அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஜமீலுன்னிசா பின்னால் போனாள். கடைசியாக அதிகாரி சந்துக்கு இறங்கினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். டேப்பை இழுக்கவில்லை.

சந்தில் தார் போடப் போட மட்டம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. வீடுகளெல்லாம் பள்ளத்தில் போய், மழைக்குத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தபோது, ஒவ்வொருவரும் வாசலை உயர்த்தினார்கள்; உயர்த்திய வாசலில் ஏறப் படி கட்டினார்கள்; படிக்குப் பக்கத்தில் வண்டி ஏற்றச் சரிவு போட்டார்கள். இரண்டு பக்கமும் சிமெண்ட் நாக்குகளாக நீட்டிக்கொண்டிருந்தன.

"இந்தப் படியெல்லாம் யார் இடத்துல இருக்கு?" என்று அதிகாரி கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம். "எங்க மாமனாரு விட்ட எடம் மேடம்" என்றாள் வேலம்மா. மூன்றாம் வீட்டுத் தையற்காரர் ஹபீபுர் ரஹ்மான் கழுத்தில் அளவுநாடாவோடு வெளியே வந்து, "பக்கா பட்டா மேடம், ரெண்டடி உட்டுத்தான் கட்னோம்" என்றார். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் வந்து நின்று, தங்கள் முன்னோர் மனம் உவந்து விட்ட நிலத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஸ்ரீஹரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "இவங்க சொல்றபடி எல்லாரும் விட்டிருந்தா இந்தச் சந்துல பஸ் போகலாம்" என்று முணுமுணுத்தான்.

அதிகாரி சிரிக்கவில்லை. "படி உங்க எடம்னா, சந்து சின்னது. சந்து பெருசுன்னா, படி உங்க எடம் இல்ல. ரெண்டுல ஒண்ணுதான் நான் எழுத முடியும்" என்றாள். பிறகு ஜமீலுன்னிசாவிடம் குரலைத் தணித்தாள். "உங்க வீடு சரியா இருக்கும்மா. படிக்குப் படி அளந்து எழுதினா, மாடிக்கு அனுமதி கொடுக்கற அளவுக்குச் சந்து அகலம் பத்தாது. வியாழக்கிழம காலைல திரும்ப இந்தப் பக்கம் வர்றேன். ஓரமெல்லாம் காலியா இருந்தா செவுத்துலேர்ந்து செவுத்துக்கு அளந்துக்கறேன். நான் யாரையும் இடிக்கச் சொல்லல."

அன்று மத்தியானம் ஜமீலுன்னிசா சாப்பிடவில்லை. ஆனால் அது துக்கத்தால் இல்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் விரித்துக் காட்டினாள். "இன்னிக்கு என் பேப்பர்ல சந்து சின்னதுன்னு எழுதிட்டா, அதுதான் கணக்கு. நாளைக்கு நீங்க மாடி எடுக்கப் போனாலும் இதையேதான் பாப்பாங்க" என்றாள். எல்லோருக்கும் ஒரு மாடி இருந்தது, மனதில். ஹபீபுர் ரஹ்மானுக்கு மாடியில் நான்கு தையல் மெஷின் போட வேண்டும். "ஆனா ஸ்கூட்டர எப்டி ஆபா ஏத்துவேன்?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டுவிட்டு அவர் சரிவைப் பார்த்தார். பலகை போட்டு ஏற்றலாம், வந்தால் பலகை, போனால் எடுத்துவிடலாம் என்றாள். வேலம்மாவிடம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அவள் மகன் அறிவு ஆட்டோ ஓட்டினான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கண்ணாலம் ஆயி வர்றவ எங்க படுப்பா, மீன் கூடைலயா?" என்று தானே கேட்டுக்கொண்டாள் வேலம்மா. "டேய் அறிவு, ஒன் ஃபிரண்டு கிட்ட அந்த டுர்ர்ருனு உடுற மெஷின் கீதுல்ல, கேளுடா."

புதன்கிழமை அந்த மெஷின் வந்தது. சந்தே அதிர்ந்தது. தங்கள் வாசலைத் தாங்களே இடிக்கிற ஒரு தெருவை ஜமீலுன்னிசா பார்த்ததே இல்லை. ஆளாளுக்கு அடுத்தவன் படி எவ்வளவு மட்டமான கலவை என்று கிண்டலடித்தார்கள். ஒரு படிக்கு அடியில் இன்னொரு படி இருந்தது. அதற்கும் அடியில் பழைய கடப்பாக் கல். அவள் டீயும் பன்னும் வாங்கிவந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். முகமெல்லாம் சிமெண்ட் தூசி. இத்தனை சத்தமாகப் பேசியது, போன வருடத்துக்குப் பிறகு அன்றுதான் என்பது அவளுக்கே பொழுது சாய்கிறபோதுதான் உறைத்தது. சாயங்காலத்துக்குள் எல்லா வாசலும் அந்தரத்தில் நின்றன. பிளாஸ்டிக் ஸ்டூல், மீன் அடுக்கும் கிரேட், கவிழ்த்த வாளி என்று எதையோ போட்டு ஏறி, உள்ளே போய், மறுபடி வேடிக்கை பார்க்க இறங்கினார்கள். கல்லும் மண்ணும் மூட்டைகளில் ஏறி அறிவின் நண்பனுடைய குட்டி வண்டியில் போயின.

வியாழக்கிழமை காலை ஸ்ரீஹரி பைக்கைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். முகம் மலர்ந்திருந்தது. ஜமீலுன்னிசாவின் வாசலுக்கு வந்ததும் அந்த மலர்ச்சி நின்றுபோனது.

"அம்மா, இது?"

அவள் வாசற்படி அப்படியே இருந்தது. நீளப் படி, இரண்டு அடுக்கு. வேலை செய்த வீடுகளில் மிச்சமான உடைந்த டைல்ஸை வைத்து குலாம் முகம்மது இழைத்தது. பச்சையும் வெள்ளையும் நீலமுமாக. சந்து முழுக்க முதலில் கட்டப்பட்ட படி அதுதான்.

"இது நம்ம எடம்தான் தம்பி. அவர் ரெண்டடி உள்ள தள்ளித்தான் செவுரு எழுப்பினார். அவரே சொல்லியிருக்கார்" என்றாள் ஜமீலுன்னிசா. அவள் பொய் சொல்லவில்லை. இரண்டு நாளாக வீடு வீடாகப் போய், உங்கள் மாமனார் விட்டார், உங்கள் தாத்தா விட்டார் என்பதெல்லாம் பேச்சு, பத்திரத்தில் எல்லை சுவரோடு சரி என்று அவள் விளக்கியபோது, இந்தப் படி ஒரு தடவைகூட அவள் நினைப்பில் குறுக்கே வரவில்லை.

எதிர்வாசலில் மீன் கிரேட் மேல் நின்றுகொண்டிருந்த வேலம்மா இதைக் கேட்டாள். "ஏன் பாயம்மா, எங்க படியெல்லாம் ரோடு, ஒன் படி மட்டும் பட்டாவா?" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். யாரோ சிரிக்கவும் செய்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது.

ஸ்ரீஹரி மெதுவாகச் சொன்னான். "எல்லை செவுரோட முடியுதும்மா. உங்களுக்கே தெரியும். சந்துலயே குறுகலான எடம் இதுதான். இங்க அளக்கத்தான் அவங்க வருவாங்க."

அதீபா வாசலுக்குள் நின்று அம்மாவையே பார்த்தாள். "வேணாம் அம்மி" என்றாள். "நாங்க நாவலூர்லயே இருந்துக்கறோம். அப்பா படி அது."

ஜமீலுன்னிசா படியில் உட்கார்ந்தாள். அவர் உட்காரும் ஓரத்தில் டைல்ஸ் வழவழத்துப்போயிருந்தது. படியை இடிக்காவிட்டால் மாடி இல்லை. மாடி இல்லாவிட்டால் வீடு பில்டருக்கு. பில்டர் வந்தால் முதல் நாளே இந்தப் படியும் போய்விடும். தர்க்கமாக அது ஒரு வரியில் முடிந்துவிட்டது. பிழை இல்லாத வரி. ஆனால் எழுந்திருக்கத்தான் முடியவில்லை. இவர்கள் எல்லோரும் இடிக்கும்போது சிரித்தார்களே, அந்தப் படிகளில் அவர்களுடையவர் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லையா என்று யோசித்தாள். இருந்திருப்பார்கள். தன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேலம்மா கிரேட்டிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மீன் வாசனையும் அவளோடு வந்து உட்கார்ந்தது. "பாயி தல சாஞ்சப்ப நாந்தான ஓடியாந்து புட்சேன்" என்றாள். "டம்ளரு கீழ உழல. கைல அப்டியே கெட்டியா வெச்சினு இருந்தாரு. ஒன்கிட்ட அத நான் சொல்லவே இல்ல."

"சொல்லல" என்றாள் ஜமீலுன்னிசா.

"இப்ப சொல்லிட்டேன்."

ஜமீலுன்னிசா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அறிவு, மெஷின் இருக்காப்பா?"

"காத்தாலயே திருப்பிக் குட்துட்டேனே பாயம்மா. சம்மட்டி கீது."

"கொண்டா."

அவன் தானே அடிக்கப் போனான். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். முக்காட்டு முனையை இடுப்பில் செருகி, பிஸ்மில்லா சொல்லி ஓங்கி அடித்தாள். டங்கென்று சத்தம் வந்தது. கை விண்விண்ணென்று தெறித்தது. படியில் கீறல்கூட விழவில்லை. மறுபடி அடித்தாள். பச்சை டைல்ஸில் ஒரு சில்லு பெயர்ந்தது, அவ்வளவுதான். ஹபீபுர் ரஹ்மான் குனிந்து பார்த்துவிட்டு, "பாய் கலப்படமே இல்லாம போட்டுட்டாரு ஆபா. ஊரான் வூட்டு படிலாம் பிஸ்கட்டு, இது இரும்பு" என்றார். முதலில் சிரித்தது அதீபாதான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஜமீலுன்னிசாவுக்கும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அந்த மனுஷன் இப்போது இங்கே இருந்தால், இன்னும் அடி, இன்னும் அடி என்று மீசையைத் தடவிக்கொண்டு பெருமையாக நின்றிருப்பார். அவள் அடித்தாள். அறிவு கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினான். ஸ்ரீஹரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். ஆள் மாற்றி ஆள், சந்து முழுக்கக் கை வைத்தது. பெயர்ந்த துண்டுகளை வேலம்மா மீன் கூடையில் வாரி வாரித் தன் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொட்டினாள். குப்பை வண்டிக்கு ஒன்றையும் விடவில்லை.

கடைசிக் கூடை உள்ளே போகும்போது, சந்து முனையில் அந்தப் பெண் அதிகாரி ஸ்கூட்டரை நிறுத்துவது தெரிந்தது. யாரோ துடைப்பத்தை எடுத்து ஒரு தள்ளுத் தள்ளி, ஓரமாக ஒதுங்கினார்கள். அதிகாரி வந்து, அந்தரத்தில் தொங்கும் வாசல்களை இருபுறமும் பார்த்தாள். பையிலிருந்து டேப்பை எடுத்து, முனையை ஜமீலுன்னிசாவிடம் கொடுத்தாள்.

"செவுத்தோட ஒட்டிப் புடிங்கம்மா."

ஜமீலுன்னிசா குனிந்து, படி இருந்த இடத்தில் புதிதாக வெளிப்பட்ட செங்கல்லின்மேல் முனையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். இன்னொரு கையையும் வைத்து அழுத்தினாள். எதிரே வேலம்மா, செதில் மின்னும் கையால் டேப்பை இழுத்துத் தன் சுவரோடு சேர்த்தாள். மஞ்சள் நாடா சந்தின் குறுக்கே தொய்வில்லாமல் நின்றது. அதிகாரி மண்டியிட்டு, எண்ணைப் படிக்கக் குனிந்தாள். அவளோடு சேர்ந்து, ஸ்டூலிலும் கிரேட்டிலும் கவிழ்த்த வாளியிலும் நின்றிருந்த சந்து முழுவதும் குனிந்தது.