வலப்பக்கத்துத் துடிப்பு

காலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன அக்கா, பதினொரு மணிக்கு மலையிலேயே சுருண்டு விழுந்துவிட்டாள். கங்காணி ஆள் அனுப்பினார். நான் ஓடிப் போனபோது சுதர்ஷினி அக்கா இடது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கூட வேலை செய்த இரண்டு பெண்களோடு சேர்ந்து அவளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே டொக்டர் கிடையாது; மருந்து கொடுக்கும் முத்துலிங்கம் ஐயாதான் எல்லாமே. டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லித் துண்டுச்சீட்டு எழுதுவதும் அவர்தான். துண்டு இல்லாமல் தோட்டத்து லொறி யாரையும் ஏற்றாது.

அவர் அக்காவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். சுவெட்டருக்கு மேலேயே இடது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இந்தக் குளிரில் நாங்கள் இரண்டு சுவெட்டர் போடுவோம். கழற்றச் சொல்ல அவருக்குக் கூச்சம், கழற்ற எங்களுக்குக் கூச்சம். அதனால் அவருக்கு எல்லா நெஞ்சும் மெல்லத்தான் கேட்கும். அப்பென்டிக்ஸ் என்றால் வலப்பக்கம் வலிக்கும், இது வெறும் வயிற்றோடு வேலைக்குப் போன வாயு என்று சொல்லி இரண்டு மாத்திரை கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் அக்கா வாந்தி எடுத்தாள். உடம்பு கொதித்தது. வியர்வையைத் துடைக்க சுவெட்டருக்குள் கையை விட்டேன். துடிப்பு வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. பதற்றத்தில் பக்கம் மாறிவிட்டதோ என்று அவள் வலக்கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொட்டுப் பார்த்தேன். அங்கேதான் அடித்தது.

கெம்பஸில் உயிரியல் வகுப்பில் இதைப் படித்திருக்கிறேன். மூன்று வாரக் கருவில் ஒரு சின்னக் குழி. அதிலுள்ள நுண்மயிர்கள் சுழன்று திரவத்தை இடப்பக்கம் தள்ளும். அந்தப் பக்கத்துச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்; இதயம் இடப்பக்கம் திரும்பும். மயிர்கள் சுழலாவிட்டால் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. சிலருக்கு எல்லா உறுப்பும் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறிவிடும். குடல்வாலும், அதாவது அப்பென்டிக்ஸும், இடப்பக்கம் வந்துவிடும்.

லொறி புறப்படத் தயாராக நின்றது. அது போனால் திரும்பிவர சாயங்காலமாகும். நான் வகுப்பில் ஒருநாளும் கையுயர்த்தாமல் பட்டம் வாங்கியவள். உள்ளே போய் மேசை முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, அக்காவுக்கு நெஞ்சு வலது பக்கம் அடிக்குதுங்க. அப்படின்னா அப்பென்டிக்ஸ் இடது பக்கம் இருக்கும்."

"கெம்பஸ் போன புள்ள எனக்குப் பாடம் எடுக்குது," என்றார், மருந்துக்கு நின்ற பெண்களைப் பார்த்து. யாரோ சிரித்தார்கள்.

"பாடம் இல்லீங்க. ஒருக்கா வச்சுப் பாருங்க. சுவெட்டர நான் தூக்குறேன்."

அவர் எழுந்து வர அரை நிமிடம் எடுத்துக்கொண்டார். சுவெட்டர்களைத் தூக்கிப் பிடித்தேன். இடப்பக்கம் வைத்தார். பிறகு வலப்பக்கம். அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தார். லொறிக்காரனை நிற்கச் சொல்லும்படி கத்திவிட்டுத்தான் பேனாவைத் தேடினார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டொக்டர் திரையையே இரண்டு தடவை சரிபார்த்தார். ஈரல் இடப்பக்கம் இருந்தது. அக்காவை உடனே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். சீழ் கட்டி வெடிக்கும் நிலையில் அப்பென்டிக்ஸை எடுத்ததாகப் பிறகு நர்ஸ் சொன்னார்.

மறுநாள் அக்கா கண்ணைத் திறந்து என்ன நடந்தது என்று விசாரித்தாள். நுண்மயிர் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாத. அவங்க ஏதோ தப்புப் பண்ணிட்டாங்கன்னு அழுவாங்க."

"யாரு தப்பும் இல்லக்கா. ஆனா எல்லாருக்கும் தெரியணும். அடுத்த தடவ நான் பக்கத்துல இல்லாட்டி?"

"அப்ப நீயே சொல்லு. எனக்கு வெக்கமா இருக்கு."

வார்டு வாசலில் அம்மா வருவது தெரிந்தது. அவரிடம் சொல்ல நான் எழுந்து போனேன்.