தச்சு கழித்த வீட்டில் ஒரு பீடிங் வேலை

இசக்கிமுருகன் ஆசாரிக்கு இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன. மாடியறைத் துணி அலமாரிக் கதவின் ஓரத்தில், பசை தடவிய பீடிங்கை, விரல் அகலத் தேக்குச் சட்டத்தை, அழுத்திப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். ஆணி வைத்து அடித்தால் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை. ஆணி அடிக்கக் கூடாதாம்!

முந்தின நாள்தான் அந்தப் புது வீட்டுக்குத் தச்சு கழித்தார்கள். கழித்ததும் இதே இசக்கிமுருகன்தான். சேவலை அறுத்து, மரத்திலும் கல்லிலும் ஒட்டிக் கிடக்கிற தோஷத்தை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார். அதன்பிறகு பால் காய்ச்சும்வரை உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டால், போன தோஷம் திரும்பி வந்துவிடும். பீடிங் வரட்டும், அதையும் முடித்துவிட்டுக் கழிப்போம் என்று மனுசன் தலைபாடாய் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்?

"நாளு தப்பிப்போகும் வேய்," என்றார் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன். விடிந்ததும் அவரே ஆள் அனுப்பினார். "நாளைக்குப் பால் காய்ச்சுக்கு நாலு பேரு வந்து பாப்பாவள்லா. சுத்தியல வெளிய வச்சிட்டு வாரும். பசை போட்டு ஒட்டிரும்." கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!

கரிசல் காற்று புழுதியை வாரி இறைத்தது. பசை பிடிக்கவில்லை. கையை எடுத்தால் பீடிங் வாயைப் பிளந்தது, சவம். மகள் செல்வலட்சுமி பேறுகாலம் முடிந்து, கைப்பிள்ளையோடு புதியம்புத்தூருக்குப் புறப்படுகிற நாள் இது. பேத்தியை ஒருதரம் நெஞ்சோடு அணைத்து வழியனுப்ப வேண்டும். அவருக்கு வேறெதுவும் வேண்டாம்.

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கக் கை இல்லை. காப்பி கொண்டுவந்த வீட்டுக்காரர் மனைவி சத்யபிரியா, போனை எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"யப்பா, நல்ல நேரம் முடியப்போவுதுன்னு இவிய அவசரப்படுதாவ. நீங்க வரலியா?"

"நீ கெளம்பு தாயி," என்றார். கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் கை இல்லை.

சத்யபிரியா போனைத் தன் காதுக்கு மாற்றினாள். "ஏட்டி, கொஞ்சம் இரு. அப்பா இந்தா வந்துருவாவ." சொல்லிவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது முந்தானைக்குள் சுத்தியலும் ஒரு பிடி ஆணியும் இருந்தன.

"அடிங்க ஆசாரியண்ணே."

ஆசாரி பதறிப்போனார். "ஐயையோ! குத்தம் ஒங்க குடும்பத்துக்குல்லா தாயி? அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா?"

"எம்மவ மொதப் பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போகையில ஒங்க அண்ணாச்சி கடைய விட்டு எந்திச்சு வரல. அவ கார்ல ஏறாம தெருவப் பாத்துக்கிட்டே நின்னா. அதவிட என்ன குத்தம் புதுசா வரப்போவுது? அடிங்க."

ஆசாரி ஆணியை வைத்தார். முதல் அடிக்குக் கை கூசியது. இரண்டாவது அடிக்குக் கூசவில்லை.