முப்பத்து நாலு பாக்கெட்

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் வீட்டில் அவளுக்கு ஆபீசர் என்று பெயர். படித்தது உணவுத் தொழில்நுட்பம். வேலை, சமைத்த உணவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனை அறையில். வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலைத்தொப்பி, கையில் தெர்மாமீட்டர். அந்தக் கோலத்தில் அவள் வாயில் விழாதவர்கள் அங்கே குறைவு. போன மாதம்கூடக் குளிர் அறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல் சாப்பிடப் போன பேக்கிங்காரரை, கண்ணு எதுக்கு இருக்கு, அழகுக்கா என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். அந்த மனிதருக்கு அவளுடைய அப்பா வயது இருக்கும்.

இப்படிப்பட்டவள், குடும்பத்தோடு ஆறு நாள் ஊர் சுற்றப் போகிறோம் என்றதும் சும்மா இருப்பாளா? சாப்பாட்டுப் பொறுப்பை யாரும் கொடுக்கவில்லை. அவளே பிடுங்கிக்கொண்டாள்.

வண்டி அப்பாவுடையது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன். லீவு விட்டதும் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்தார். அக்காவுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை பிறந்துவிட்டால் எங்கே நகர முடியும் என்று பயணத்தைக் கிளப்பியதே அவள்தான். அவளுடைய வீட்டுக்காரர், அத்தான், ஃபிரிட்ஜ் மெக்கானிக். யாரோ வேண்டாமென்று போட்ட ஒரு சின்ன ஃபிரிட்ஜ் பெட்டியைப் பிரித்து மேய்ந்து, கேஸ் அடைத்து, வேனின் பேட்டரியில் ஓடும்படி செய்து பின்னால் பொருத்தியிருந்தார். பத்தாவது தாண்டாத ஆளின் வேலை எப்படி இருக்குமோ என்று ஆபீசர் அதற்குள் தெர்மாமீட்டரை வைத்து இரண்டு நாள் வேவு பார்த்தாள். மூன்று டிகிரிக்கு மேல் ஏறவில்லை. பரவாயில்லை என்றாள், சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவள் மாதிரி.

அம்மா இரண்டு நாள் நின்று சமைத்தாள். கோழி, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, சோறு. ஆபீசர் அதையெல்லாம் ஆறவைத்து, குழம்பு வகையை மட்டும் முதலில் உறையவைத்து, பையில் போட்டு, காற்றை உறிஞ்சி வாயை ஒட்டும் மிஷினில் கொடுத்தாள். அது உர்ரென்று இழுக்க இழுக்க, பை உள்ளே இருப்பதோடு தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றின் மேலும் சீட்டு: என்ன, யாருக்கு, எந்த நாள், எந்த வேளை. அம்மா ஆசையாக எடுத்து வைத்த எவர்சில்வர் டப்பாக்கள் அலமாரிக்கே திரும்பிப் போயின. டப்பாவில் காற்று இருக்கும், காற்று இருந்தால் கெட்டுப்போகும் என்று அம்மாவுக்கு அரை மணி நேரம் வகுப்பு வேறு நடந்தது. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கேட்டாளா என்பது வேறு விஷயம்.

முதல் நாள் மத்தியானம் பாக்கெட்டுகளை வெந்நீரில் போட்டெடுத்துப் பிரித்தபோது, இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கின மாதிரி இருக்கிறதே என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். ஆபீசருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் நாள் முழுக்க அப்பாவின் சினேகிதர் வீட்டில் விருந்து. பெட்டியைத் திறக்கும் வேலையே வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஏரிக்கரை ஒன்றில் வேனை நிறுத்தினார்கள். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். ஆபீசர் பெட்டியைத் திறந்து கையை விட்டாள். குளிரவில்லை. கையில்தான் கோளாறோ என்று இன்னொரு கையை விட்டாள். பாக்கெட்டுகளுக்கு நடுவே அடுக்கியிருந்த ஐஸ் பைகளெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீராகக் கிடந்தன. தெர்மாமீட்டர் முப்பத்தொன்று காட்டியது.

பெட்டியின் வயர் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய சாக்கெட்டில் அவள் வீட்டிலிருந்து கூடவே எடுத்து வந்த பை ஒட்டும் மிஷினின் பிளக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. கிளம்பிய அன்று சாயங்காலம், மீந்த கோழியை மறுபடி அடைத்துக் காட்டுகிறேன் பாருங்கள் என்று அவள்தான் பிடுங்கினாள். அக்கா கை தட்டினாள். அந்தக் கைதட்டலில் மயங்கியவள் திரும்ப மாட்டவில்லை. கிட்டத்தட்ட நாற்பது மணி நேரம். நல்ல வேளை, அந்தப் பேக்கிங்காரர் பக்கத்தில் இல்லை.

அடுத்து அவள் செய்த காரியத்துக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். மிஷின் பிளக்கை உருவிவிட்டுப் பெட்டியின் பிளக்கைச் செருகினாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, பெட்டி நின்றுபோயிருக்கிறது, சாப்பாட்டைத் தொடாதீர்கள் என்று அறிவித்தாள். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லியும் கொண்டாள்.

அப்பா மாப்பிள்ளையை நேராகக் கோபிக்கிறவர் இல்லை. யாரோ தூக்கிப் போட்ட பெட்டி என்றபோதே எனக்குச் சந்தேகம்தான் என்று அக்காவிடம் சொன்னார், அத்தான் காதில் விழுகிற மாதிரி. அக்காவின் முகம் சுண்டிப்போனது. அத்தான் ஸ்க்ரூடிரைவரோடு வந்து பெட்டிக்குப் பின்னால் குப்புறப் படுத்தார். பெட்டி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அவருக்குக் குழப்பம் கூடியது. பின்மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தார். வியர்வை கண்ணில் வழிந்தது.

"எங்கயோ லூஸ் கனெக்‌ஷன் மாமா. என் தப்புதான், நான் இன்னும் நல்லா பாத்திருக்கணும்."

செய்யாத தப்பைத் தன்னுடையது என்று சொல்லும் ஆளை அவள் பார்த்ததில்லை. செய்த தப்பை அடுத்தவர் தலையில் கட்டுகிறவளை இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள், அதுவும் மிக அருகில்.

"அத்தான், எழுந்து வாங்க. பிளக்கைப் பிடுங்கினது நான். திரும்ப மாட்ட மறந்துட்டேன். இப்பதான் யாருக்கும் தெரியாம மாட்டினேன்."

அத்தான் தலையை மட்டும் தூக்கினார். "எட்டு ஸ்க்ரூவும் கழட்டினப்புறம் சொல்றியே ஆபீசரம்மா."

அதோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. இவ்வளவுதானா விஷயம் என்று ஒரு பாக்கெட்டை வெட்டி, கோழியை வாணலியில் கொட்டினாள். எல்லோரும் மோந்து பார்த்தார்கள். கமகமவென்று இருந்தது. அம்மாவின் டப்பாவில் இருந்திருந்தால் இந்நேரம் புளித்து, நுரைத்து, நாறி ஊரைக் கூட்டியிருக்கும். ஆபீசரோ காற்றை உறிஞ்சி, நாற்றம் காட்டுகிற கிருமிகளை அடக்கிவிட்டாள். காற்றில்லாத இடத்தில் சத்தம் போடாமல் வளர்ந்து விஷம் கக்குகிற கிருமிக்கு, அளந்து வெட்டிய பையில், சீட்டு ஒட்டி, மெத்தை போட்டுக் கொடுத்திருந்தாள்.

"வாசனை நல்லாத்தானேடி இருக்கு?"

"அதுதாம்மா பயமே."

"நல்லா கொதிக்க வெச்சா எல்லாம் செத்துப்போகும்."

"சில விஷம் கொதிச்சா போகும். சிலது போகாது. இதுல எது இருக்குன்னு இங்க உக்காந்து கண்டுபிடிக்க முடியாதும்மா. அக்கா வேற இப்படி இருக்கா."

"பிளக் மாட்ட மறந்தவ பேச்சைக் கேட்டு, ரெண்டு நாள் நின்னு சமைச்சதைக் கொட்டணுமா நான்?"

பத்து நிமிஷம் முன்புவரை ஆபீசர் சொன்னதுதான் சட்டம். அந்தப் பதவியை அவளே வாயைத் திறந்து ராஜினாமா செய்துவிட்டாள். அவள் படிப்பை நம்பினால் சாப்பாட்டைக் கொட்ட வேண்டும், சாப்பாட்டைக் கொட்டினால் அந்தப் படிப்பு என்ன லட்சணம் என்பது தெரிந்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் உதை அவளுக்குத்தான். அப்பா, கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்ப்போமே என்று சமரசம் பேசினார். பசி பொறுக்காத அக்கா கரண்டியில் ஒரு துண்டை எடுத்து ஊத ஆரம்பித்தாள்.

ஆபீசர் அந்தக் கரண்டியைத் தட்டிவிட்டாள். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் பாட்டிலை எடுத்து, வாணலியின் மேல் கவிழ்த்துப் பிழிந்தாள். கோழி பச்சை நிறத்தில் நுரைத்துப் பொங்கியது.

நாலு வருஷப் படிப்பால் நடக்காத காரியம் அரை பாட்டில் லிக்விடில் நடந்தது. நல்ல வேளையாகச் சோப்பின் தரத்தை யாரும் சந்தேகப்படவில்லை.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, ஏரியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அக்கா வெறுங்கையைப் பார்த்தாள், வாணலியைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அத்தான் குழி வெட்டினார், தெருநாய்கள் தோண்டாத ஆழத்துக்கு. மிச்ச பாக்கெட்டுகளை ஆபீசரே ஒவ்வொன்றாக வெட்டிக் குழியில் கொட்டினாள். ஒன்றின் சீட்டில், ஐந்தாம் நாள், ராத்திரி, கீரை, அப்பாவுக்கு உப்புக் குறைவு. எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது. வாணலியில் போனதோடு சேர்த்து முப்பத்து நாலு. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு அம்மாவிடம் போனாள். ரெண்டு நாள் உழைப்பும்மா, மன்னிச்சுடு என்றாள். அம்மா திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

நாலு மணி ஆகிவிட்டது, ரோட்டோரச் சாப்பாட்டுக்கடை ஒன்று கண்ணில் படுவதற்கு. தகரக் கூரை, நாலு பெஞ்சு. கடைக்காரர் தட்டில் சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றப் போனார். அம்மா தட்டின் மேல் கையை நீட்டித் தடுத்தாள்.

"இது எப்ப வடிச்சதுங்க?"

"இப்பத்தாம்மா."

"இப்பன்னா எத்தனை மணிக்கு? வடிச்சதுலேருந்து மூடி வெச்சிருந்தீங்களா, திறந்து வெச்சிருந்தீங்களா?"

கடைக்காரர் கரண்டியோடு நின்றுவிட்டார். அப்பா மேற்கூரையை ஆராய்ந்தார். அத்தான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குள் முகத்தை ஒளித்தார். அம்மா குத்திக்காட்டுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்பது ஆபீசருக்குப் புரியவில்லை. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு வடித்தது, மூடித்தான் இருந்தது என்றார் கடைக்காரர். அம்மா அவரை விட்டுவிட்டு ஆபீசரைப் பார்த்தாள்.

"மூணு மணி நேரம். என்னடி சொல்ற?"

"சூடா இருக்காம்மா?"

அம்மா சோற்றில் விரலை வைத்துப் பார்த்தாள். "கை சுடுது."

"சாப்பிடலாம்."

"பருப்பை ஊத்துங்க" என்றாள் அம்மா.