சிவப்புத் துணி சுற்றிய பிடி

தா.பழூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸிலேயே ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "வூடு புகுந்து வெட்டுனவன் கையை எடுக்கணும்," என்றார் ஒருவர். "தூக்குல போடணும்," என்றார் இன்னொருவர். கொளஞ்சி கோர்ட்டில் சாட்சி சொல்லப் போய்க்கொண்டிருந்தாள். கணவர் ராஜதுரையின் தோளில் விழுந்த வெட்டு ஆறவே நாலு மாதமாயிற்று. அந்தத் திருடன் நாசமாய்ப் போகட்டும் என்று அவளும் தினம் சபித்தவள்தான்.

"அருவாளோட வந்தான்னு மட்டும் சொல்லு," என்று காதருகே சொன்னார் ராஜதுரை. "ஏழு வருசம் ஜெயிலுக்குக் கொறையாதாம். ஜட்ஜே மனசு வச்சாலும் கொறைக்க முடியாதாம்."

அவர் சாட்சி சொல்லி முடித்ததும் இவளைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியதும் அரிவாளை எடுத்துக் காட்டினார்கள். அதன் பிடியில், கை வழுக்காமலிருக்க அவளே தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிய சிவப்புத் துணி. அன்று திருடன் வெறுங்கையோடுதான் வந்தான். பரணிலிருந்து அரிவாளை உருவியது ராஜதுரை. அதைப் பிடுங்கித்தான் அவன் வெட்டினான்.

"இதைத்தான் கொண்டு வந்தானா?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

கொளஞ்சி கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வெட்டுனது அவன்தாங்க," என்றாள். "அருவா எங்க வூட்டுதுங்க."