தூங்குகிற பட்டம்

அப்பா கண்ணை மூடிய அன்றே ஸ்கெல்வித் பிரபு பட்டமும் தூங்கப் போய்விட்டது. மகன் இருந்திருந்தால் நேராக அவனிடம் போயிருக்கும். இருந்ததோ லெட்டிஸ், வினிஃப்ரெட் என்று இரண்டு பெண்கள். அந்தப் பட்டத்தின் விதிப்படி மகள்களுக்குள் மூத்தவள் இளையவள் கிடையாது, சமபங்கு. பட்டத்தையோ பாதியாக நறுக்க முடியாது. ஒருத்தி பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்தால்தான் மற்றவளுக்கு அது கண் விழிக்கும்.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தோரு வருடம் அந்த ஒழுகும் மாளிகையில், ஒரே கணப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

பிப்ரவரியில் லெட்டிஸுக்கு நிமோனியா வந்தது. வினிஃப்ரெட் கட்டிலை விட்டு நகரவில்லை.

"என்னடி வின்னி, என் மூச்ச எண்ணிட்டிருக்கியா?"

"எண்ணல. உன் கொறட்டைல தூக்கம் வரல."

"புளுகாத. சின்னப்பிள்ளைல ஜன்னல் ஆவியில அப்பா மாதிரியே கையெழுத்து போட்டுப் பழகுவியே. பிரபுங்க போடுற மாதிரி சொந்தப் பேரே இல்லாம, வெறும் ஸ்கெல்வித்."

"நீயுந்தான போட்ட."

"என்னது கோழி கிளறின மாதிரி இருக்கும். உன்னதுதான் அசல் பிரபு."

வினிஃப்ரெட் போர்வையை இழுத்துவிட்டாள். "நீ எங்கயும் போகாத லெட்டி. எனக்கு அது வேணாம்."

"வேணாம்னு சொன்னா விடுமா? தானா வந்து ஒட்டிக்கும்டி." லெட்டிஸ் சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

வியாழக்கிழமை முற்பகல் லெட்டிஸ் இறந்துபோனாள்.

மறுநாள் ஊரில் இறப்பைப் பதியப் போன வினிஃப்ரெட்டுடன் குடும்ப வக்கீலும் கூட வந்தார். பதிவாளர் புத்தகத்தைத் திருப்பி வைத்தார்.

"இங்க ஒரு கையெழுத்து, மிஸ்..."

"மிஸ் இல்ல," என்றார் வக்கீல். "நேத்துலேர்ந்து இவங்க லேடி ஸ்கெல்வித்."

பதிவாளர் பாதி எழுந்தார். "மன்னிக்கணும், மை லேடி."

அவளை வின்னி என்று கூப்பிட இனி ஒரு ஆள் கிடையாது. அந்தப் பெயரையாவது அக்காவின் பெயருக்குக் கீழே வைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் பேனாவை எடுத்தாள். கை கேட்கவில்லை. ஒரே இழுப்பில் ஒற்றைச் சொல் விழுந்தது: ஸ்கெல்வித். கடைசி எழுத்தில் அப்பாவின் சுழி அப்படியே. ஒரு நடுக்கம் இல்லை.

"முத்து மாதிரி இருக்கு, மை லேடி," என்றார் பதிவாளர். "ரொம்ப நாளாப் போடுறீங்களோ?"

"சின்னப்பிள்ளைலேர்ந்து," என்று சொல்லி, ஈரம் காயாத எழுத்தின் மேல் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினாள். பதிவாளர் புத்தகத்தை வாங்கக் கை நீட்டிய பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.